சட்டைப் பைக்கு ஒரு பர்ஸ்: 5 அவுன்ஸ் தோலில் தொடங்கிய முதல் முயற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூர் யீஷூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எனக்குத் தோல் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்ததும் வெட்டுப் பலகையை விரித்துவிடுவேன். பொங்கலுக்கு ஆறு வாரம் இருந்தபோது உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு தம்பி வந்தார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர், துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. ஊரில் இருக்கும் அப்பாவுக்குத் தன் கையால் ஒரு பர்ஸ் தைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து செய்திருந்தார். அதை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

மேசையில் வைத்தார். பர்ஸ் மூடவில்லை. இரண்டு பக்கமும் சேராமல், பாதி திறந்த புத்தகம் போல நின்றது. கையால் அழுத்தினால் மூடும். விட்டால் திரும்ப எழுந்துவிடும். தையல் முன்பக்கம் ஒழுங்காக இருந்தது, பின்பக்கம் துளைகள் கோணலாக அலைந்திருந்தன. ஒரு பக்கத் தையல் பாதியிலேயே முடிச்சுப் போட்டு மறுபடி தொடங்கியிருந்தது.

“நல்ல தோலுதான் அண்ணே வாங்குனேன். தடியா இருந்தா அப்பாவுக்கு நீடிச்சு உழைக்கும்னு நினைச்சேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல” என்றார்.

தோல் நல்ல தோல்தான். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது, வெஜ் டேன் என்று சொல்வார்களே, அது. வெட்டிய ஓரத்தில் நார் நெருக்கமாக இருந்தது. வெட்டும் சுத்தம், கோடு நேர். தப்பு முழுக்க ஒரே இடத்தில் இருந்தது: அடுக்குகளை எண்ணுவதற்கு முன்னால் தோலை வாங்கிவிட்டார். தோல் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் இதே தப்பை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு தெளிவாக, ஒவ்வொரு விளைவையும் தனித்தனியாக அளந்து பார்க்கும்படி ஒன்று கைக்குக் கிடைத்தது இதுதான் முதல் முறை. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

அவுன்ஸ் என்ற சொல்

தோலை இணையத்தில் வாங்கியிருந்தார். விவரத்தில் “5 அவுன்ஸ், 2 சதுர அடி” என்று இருந்திருக்கிறது. 5 அவுன்ஸ் என்றால் அந்தத் துண்டின் எடை என்று எடுத்துக்கொண்டார். 5 அவுன்ஸ் சுமார் 142 கிராம். வந்த பிறகு வீட்டில் மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தால் 330 கிராமுக்கு மேல் காட்டியது. கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

தோல் வியாபாரத்தில் அவுன்ஸ் தடிமனைக் குறிக்கும் அளவு. ஒரு சதுர அடித் தோல் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் எடை இருந்தால் அதன் தடிமன் ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு இருக்கும் என்ற பழைய கணக்கு இது. அதாவது 0.4 மில்லிமீட்டர். இன்றைக்கு யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2 அவுன்ஸ் என்றால் 0.8 மி.மீ., 3 என்றால் 1.2, 5 என்றால் 2.0, பெல்ட்டுக்கு எடுக்கும் 9 அவுன்ஸ் என்றால் 3.6.

இந்தத் தம்பிக்குத் தினசரி வேலையே அல்ட்ராசோனிக் கருவியை வைத்துக் கப்பல் பிளேட்டின் தடிமனை அளப்பதுதான். மி.மீ.-இல் சொன்னதும் அவர் முகம் மாறியது. “பிளேட் தடிமன்னு யாராவது சொல்லியிருந்தா நானே கணக்குப் போட்டிருப்பேனே அண்ணே.” உண்மை. தோல் விற்பவர்கள் அவுன்ஸ் பக்கத்தில் மி.மீ.-ஐயும் எழுதிவிட்டால் புதியவர்களின் தோல் பாதிக்கு மேல் வீணாகாது என்பது என் நம்பிக்கை.

வெர்னியர் காலிப்பர் இல்லாதவர்களுக்கு நான் ஒரு வழி சொல்வேன். பஸ், ரயிலில் தட்டும் பழைய ஈஸி-லிங்க் பயணக் கார்டு ஒன்றை எடுங்கள். இந்த வகைக் கார்டு எல்லாமே 85.6-க்கு 54 மி.மீ., தடிமன் 0.76. அதாவது ஒரு கார்டு கிட்டத்தட்ட 2 அவுன்ஸ் தோல். தோலின் ஓரத்தோடு கார்டுகளை அடுக்கி விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இரண்டரைக் கார்டு உயரம் வந்தால் 5 அவுன்ஸ். கண் ஏமாறும், விரல் நுனி அவ்வளவு ஏமாறாது. கையில் இருக்கும் வங்கி கார்டும் அதே தடிமன்தான்.

அவர் தோலில் மிச்சம் இருந்த துண்டைக் காலிப்பரால் எட்டு இடங்களில் அளந்தோம். ஒரு முனையில் 2.1, எதிர் முனையில் 1.7. இது கடைக்காரர் செய்த ஏமாற்று இல்லை. மாட்டின் முதுகுப் பக்கம் தடித்து இறுகி இருக்கும். வயிற்றுப் பக்கம் மெலிந்து இழுபடும். ஒரே தோலில் இந்த வேறுபாடு இருப்பதால்தான் “4–5 அவுன்ஸ்” என்று இரண்டு எண் போட்டு விற்கிறார்கள். வயிற்றுப் பக்கத்துத் துண்டைக் கார்டு அறைக்கு வெட்டினால் சில மாதத்தில் அறை தொளதொளவென்று ஆகிவிடும். வாங்கியதும் துண்டை இரண்டு திசையிலும் கையால் இழுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் குறைவாக இழுபடுகிறதோ அந்தத் திசையில் அறையின் வாய் விளிம்பு வரட்டும்.

பர்ஸைப் பிரித்துப் பார்த்தது

பிரிப்பதற்கு அவருக்கு மனசு வரவில்லை. ஒரு பக்கத் தையலை மட்டும் பிரிக்கிறேன் என்று சொல்லித்தான் கத்தியை வைத்தேன்.

வெளித்தோல் ஒன்று, அதற்கு உள்ளே பணம் வைக்கும் அறையை மூடும் உள்தோல் ஒன்று, அதன் மேல் ஒரு பக்கத்துக்கு மூன்று கார்டு அறைகள். எல்லாமே அதே 2.0 மி.மீ. தோல். அறைகளை நேர்ச் செவ்வகமாக வெட்டி, மூன்றையும் கீழ் ஓரம்வரை இறக்கித் தைத்திருந்தார். அப்படியானால் கீழ் ஓரத்தில் ஐந்து அடுக்கு. 10 மி.மீ. மடித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 20. ஆறு கார்டு வைத்தால் இன்னும் 4.6. ஆகமொத்தம் இரண்டரை சென்டிமீட்டர். பணம் இன்னும் வைக்கவில்லை.

மூடாததற்குக் காரணம் தடிமன் மட்டும் இல்லை. வெளித்தோலையும் உள்தோலையும் ஒரே நீளத்துக்கு வெட்டியிருந்தார். பர்ஸை மடிக்கும்போது வெளித்தோல் பெரிய அரைவட்டத்தில் போகிறது, உள்தோல் சின்ன அரைவட்டத்தில் போகிறது. ஒரு தோலின் தடிமன் நடுவிலிருந்து மற்றதன் தடிமன் நடுவரை இடைவெளி எவ்வளவோ அதை 3.14-ஆல் பெருக்கினால் வெளித்தோல் எவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டு 2.0 மி.மீ. தோல்கள் ஒட்டி இருந்தால் இடைவெளி 2.0, வேண்டிய கூடுதல் 6.3 மி.மீ. அந்த 6.3 இல்லாததால் உள்தோல் மடிப்பில் சுருங்கியாக வேண்டும். மெல்லிய தோலாக இருந்தால் கொஞ்சம் சுருங்கி ஒத்துப்போயிருக்கும். 2.0 மி.மீ. வெஜ் டேன் சுருங்காது. விறைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்து தள்ளும்.

நூல் பாதியில் தீர்ந்ததும் இதே கணக்குதான். எனக்கு இது ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். இரண்டு ஊசித் தையலில் ஒவ்வொரு தையலுக்கும் ஒவ்வொரு ஊசியும் ஒரு தடவை தோலைத் துளைத்துக் கடக்கிறது, ஒரு தையல் இடைவெளி நகர்கிறது. இடைவெளி 4 மி.மீ., தோல் அடுக்கு 2.8 மி.மீ. என்றால் ஓர் ஊசிக்கு 6.8, இரண்டுக்கும் 13.6. அதாவது தையல் நீளத்தைப் போல மூன்றரை மடங்கு நூல். அதனால்தான் நான்கு மடங்கு நூல் எடு என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். அடுக்கு 10 மி.மீ. ஆனால் ஓர் ஊசிக்கு 14, இரண்டுக்கும் 28. ஏழு மடங்கு. அவர் நான்கு மடங்குதான் வெட்டியிருந்தார். நூல் மேல் பழி இல்லை.

துளைகள் பின்னால் கோணியதும் தடிமனால்தான். துளை போடும் பல்லுளியை முன்பக்கம் செங்குத்தாகப் பிடித்ததாக நினைத்தாலும் ஒன்றிரண்டு பாகை சாய்ந்திருக்கும். மெல்லிய அடுக்கில் அது தெரியாது. 10 மி.மீ. இறங்கும்போது சாய்வு பின்பக்கத்தில் அப்படியே வெளியே வந்துவிடும். அதோடு பல்லுளி இறங்கவே இல்லை என்று பலமாக அடித்திருக்கிறார், ஒரு பல் வளைந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் அடித்ததில் கீழ் வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். வீவக அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குத் தோலின் தடிமன் அண்டை வீட்டாரின் தூக்கத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. இரண்டு மூன்று மி.மீ. அடுக்கு என்றால் சுத்தியே வேண்டாம். துளையைக் குறித்துவிட்டுக் குத்தூசியால் அழுத்தியே போட்டுவிடலாம்.

அப்பா என்ன சட்டை போடுவார்?

அன்று மாலை தேநீர் குடிக்கும்போதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “தம்பி, அப்பா பர்ஸை எங்க வைப்பாங்க?”

கொஞ்சம் யோசித்தார். “அப்பா பேன்ட் போடுறதில்ல அண்ணே. வேட்டிதான். பர்ஸ் சட்டைப் பையில இருக்கும்.”

அதோடு விஷயம் வேறாகிவிட்டது. அவர் தன்னுடைய பர்ஸைப் பார்த்து அளவெடுத்திருந்தார். சிங்கப்பூர் 50 வெள்ளி நோட்டு 156-க்கு 74 மி.மீ.; அதற்காகப் பர்ஸின் உயரம் 95 வைத்திருந்தார். இந்திய 500 ரூபாய் நோட்டு 150-க்கு 66 தான். உயரத்தில் 8 மி.மீ. குறைவு. 95 இருந்த இடத்தில் 85 போதும். கார்டுகளும் ஆறு இல்லை. ஆதார், பான், ஏடிஎம், ரேஷன் கார்டு. நான்கு.

முதல் பர்ஸைச் சமையல் தராசில் வைத்தோம். 143 கிராம். ஒரு கைப்பேசியின் எடை. மெல்லிய பருத்திச் சட்டையின் பையில் அதை வைத்துக் குனிந்தால் என்ன ஆகும் என்பதை அவரே சொல்லிவிட்டார். அப்பா குனிந்துதான் வாய்க்காலில் கால் கழுவுவார்.

இரண்டாவது பர்ஸ்

இந்த முறை தாளில் தொடங்கினோம். பர்ஸை ஓரப் பார்வையில் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மி.மீ. எழுதினோம். எந்த இடத்தில் அதிக அடுக்கு சேருகிறது என்று தேடினோம். அங்கே கூட்டுத்தொகை எவ்வளவு வரலாம் என்று முதலில் முடிவு செய்தோம்: ஓரத்தில் ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது. அந்த 3-ஐ அடுக்குகளுக்குப் பங்கு பிரித்தோம். தோலின் அளவு அதிலிருந்து தானாக வந்தது. வெளித்தோல் 1.2, உள்தோல் 0.8, அறைகள் 0.8.

பின்னால் இருக்கும் கார்டு அறையைச் செவ்வகமாக வெட்டாமல் ஆங்கில T எழுத்து வடிவில் வெட்டினோம். மேலே மட்டும் இரண்டு காது நீண்டு ஓரத் தையலுக்குள் போகும். கீழே உடம்பு ஒடுங்கி, உள்தோலோடு தனியாக ஒரு தையலில் நின்றுவிடும். இரண்டு அறை இருந்தாலும் ஓரத்தில் எங்கே தொட்டாலும் மூன்று அடுக்குதான். 1.2, 0.8, 0.8, கூட்டினால் 2.8.

0.8 தோலுக்கு மாட்டுத்தோல் பக்கம் போக வேண்டாம் என்றேன். பதனிட்ட மாட்டுத்தோல் முழுத் தடிமனில் 4, 5 மி.மீ. வரும். அதை இயந்திரத்தில் பிளந்து 0.8 ஆக்கும்போது மேல்முகம் அப்படியே இருக்கும். ஆனால் தோலுக்கு வலுக் கொடுக்கும் பின்னிய நார்ப்பகுதி பெரும்பாலும் பிளந்த மற்ற பாதியோடு போய்விடும். ஆட்டுத்தோல் பிறவியிலேயே மெல்லியது. ஒரு மி.மீ. அளவு தடிமனிலேயே அதன் கட்டுமானம் முழுசாக இருக்கிறது. அதனால் உள்பகுதிக்கு 0.8 ஆட்டுத்தோல், வெளிப்பகுதிக்கு 1.2 மாட்டுத்தோல். பெல்ட் மாதிரி ஒரே அடுக்கில் இழுவிசை தாங்க வேண்டிய பொருளுக்குத்தான் 3.2 முதல் 4 மி.மீ. வரை தடித்த மாட்டுத்தோல் வேண்டும். பர்ஸ் உழைப்பது தையலிலும் மடிப்பிலும். அங்கே தடிமன் உதவாது.

நம் ஊரிலேயே ஆட்டுத்தோலையும் கன்றுத்தோலையும் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து எடுக்கும் ஒரு பதனிடல் முறை இருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்தில் பல தலைமுறையாகச் செய்தார்கள். ஈஸ்ட் இந்தியா தோல் என்று கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது அதுதான். தம்பியிடம் இதைச் சொன்னபோது, ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். வெளிர் மஞ்சளில் அந்தத் தோல் வரும்போது கையில் பிடித்தால் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். எனக்கு அது மேல் பாசம் அதிகம்.

வெளித்தோல் நீளம் 205, உள்தோல் 198. கணக்குப்படி 3.1 மி.மீ. வித்தியாசம் போதும், ஆனால் இடையில் பத்துப் பதினைந்து நோட்டு மடிந்து கிடக்கும். அதற்கும் இடம் விட்டு 7 ஆக்கினோம். ஒட்டும்போது தட்டையாக வைத்து ஒட்டக்கூடாது. ஒரு பக்கத்தை ஒட்டிவிட்டு, மடித்த நிலையிலேயே மறுபக்கத்தை ஒட்ட வேண்டும். தட்டையாகத் திறந்தால் வெளித்தோல் முதுகில் சற்று உப்பித் தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஓரம் தேய்ப்பதில் மட்டும் ஒரு சின்னச் சறுக்கல். 0.8 ஆட்டுத்தோல் மெத்தென்று இருப்பதால், ஈரம் தொட்டுத் தேய்த்தபோது வெளித்தோல் இறுகியது, நடு அடுக்கு பிதுங்கியது. உப்புத்தாளால் லேசாக இழைத்து, பசை தடவி மறுபடி தேய்த்ததும் சரியானது. இரண்டு வகைத் தோலைச் சேர்க்கும்போது இந்த வேலை கூடுதலாக வரும், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டு முழுக்கச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். நீர்ப்பசையும் நனைத்த தோலும் காய ஒரு இரவு கூடுதலாகத்தான் ஆகும்.

முடித்து அளந்தோம். நான்கு கார்டு வைத்து மடித்தபோது நடுவில் 10 மி.மீ. சொச்சம். தராசில் 48 கிராம். நூல் நான்கு மடங்கு வெட்டியதில் ஒரு சாண் மிஞ்சியது. கீழ் வீட்டில் யாரும் கதவைத் தட்டவில்லை.

முதல் பர்ஸ் என் அலமாரியில் மூன்று வாரம் மூடிய டப்பாவில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. தடித்த வெஜ் டேன் உள்ளே வைத்திருக்கும் ஈரம் லேசில் வெளியேறாது. துடைத்துக் காற்றாட வைத்ததும் போய்விட்டது. அதே 2.0 மி.மீ. தோலின் மிச்சத்தில் தம்பி இரண்டு சாவிக்கொத்துப் பட்டை, வேலையிடத்து அடையாள அட்டைக்கு ஒரு உறை, நான்கு மூலையைக் கிள்ளிய ஒரு சில்லறைத் தட்டு செய்தார். மூன்றுமே அருமையாக வந்தன. ஒன்று அல்லது இரண்டே அடுக்கு உள்ள, விறைப்பாக நிற்க வேண்டிய பொருளுக்கு 2.0 மிகச் சரியான தோல். முதன்முதலாக ஒரே ஒரு தோல்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு நான் 1.2 முதல் 1.6 வரை, அதாவது 3–4 அவுன்ஸ் சொல்வேன். இரண்டு அடுக்கில் ஒரு கார்டு உறை தைத்துப் பழகலாம். அதையே ஈஸி-லிங்க் கார்டுக்கு வைத்துக்கொண்டால் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கார்டை வெளியே எடுக்காமல் அப்படியே தட்டலாம், தோல் அதைத் தடுக்காது.

ஊரிலிருந்து வந்தபின்

பொங்கல் முடிந்து திரும்பியவர் படம் காட்டினார். அப்பா வெள்ளைச் சட்டையில், பை தொங்காமல், பர்ஸின் மேல் விளிம்பு மட்டும் தெரிகிறது. மறுபடி ஆறு மாதம் கழித்துப் போய்வந்தபோது காலிப்பரையும் கையோடு கொண்டுபோயிருந்தார். நடுவில் இப்போது 14 மி.மீ. பணம் கூடவில்லை. இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு ஒன்று, வைத்தீஸ்வரன்கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்று, பேத்தியின் போட்டோ. இவற்றுக்கு நாங்கள் இடம் கணக்குப் போடவே இல்லை. முன் அறையின் வாய் ஒரு மி.மீ. போல இழுபட்டிருக்கிறது. மடிப்பில் விரிசல் இல்லை, தையல் அப்படியே இருக்கிறது.

இப்போது அப்பாவுக்கு வேட்டி பெல்ட் ஒன்று தோலில் செய்ய வேண்டுமாம். பேன்ட் பெல்ட்டுக்கான 3.6 மி.மீ. தோலை எடுத்தால் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்காரும்போது மேல் விளிம்பு வயிற்றில் குத்தும். 2.0 போதும் என்று நினைக்கிறேன், பை தைக்கும் இடத்தில் மட்டும் இரண்டு அடுக்கு. ஆனால் மிச்சம் இருக்கும் துண்டு 60 சென்டிமீட்டர், அப்பாவின் இடுப்பு 94. எங்கே இணைப்பது, இணைப்பில் இரண்டு முனையையும் எவ்வளவு சீவினால் மறுபடி 2.0 வரும் என்று நேற்று இரவு ஓரப் பார்வையில் ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மி.மீ. எழுதியிருந்தது.